மங்கலான படத்தையும் எடுத்துக்கம்மா!

கூடத்துச் சுவரில் ஆணி அடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. மாட்டுவதற்குத்தான் படம் இல்லை.

அம்மா இறந்தபோது அவசரத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை அதற்குத்தான் மாலை. காரியம் முடிந்த மறுநாள் அப்பாவே அதைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்.

"இது உங்கம்மா இல்லம்மா. ஏதோ ஆபீஸ் வரிசையில பயந்துபோய் நிக்கிற யாரோ ஒருத்தி" என்றார்.

அடுத்த மாதம் வருஷ திதி. இரண்டு நாள் லீவு போட்டு பெங்களூரில் இருந்து கும்பகோணம் வந்த மகள், இந்த முறை எப்படியாவது நல்ல படம் ஒன்றைத் தேடி எடுத்துவிட வேண்டும் என்று முடிவோடு இருந்தாள். செல்போனில் இருந்ததெல்லாம் அம்மா படுக்கையில் விழுந்த பிறகு எடுத்தவை. அவற்றில் ஒன்றையும் சுவரில் மாட்ட மனசு வராது.

நல்லபடியாக இருந்த காலத்து அம்மாவுக்குப் படமே இல்லையா? இல்லைதான். ஏனென்றால் அந்த வீட்டில் கேமராவைப் பிடித்ததே அம்மாதான்.

2010ல் பேத்தி பிறந்தபோது, சீட்டு எடுத்த பணத்தில் அம்மா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினாள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிற கேமரா. அதற்கு முன்பு வீட்டில் இருந்தது பிலிம் கேமரா. ஒரு ரோலில் 36 படம். முப்பதைத் தாண்டியதும் அப்பா, "பாத்து எடு" என்பார். புதுக் கேமராவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று தெரிந்ததும் அம்மா எடுக்க ஆரம்பித்தவள்தான். பேத்தி தவழ்ந்தது, முதல் மொட்டை, மகாமகக் குளத்துப் படிக்கட்டு, வாசல் கோலம், எதிர் வீட்டுக் கன்றுக்குட்டி என்று ஒன்று விடவில்லை. கைபேசி வரும் வரை ஏழு வருடம் இந்தக் கதைதான். எல்லோரையும் எடுத்தவளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மகள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். மாலை ஆறரைக்கு ரயில். மதியம் ஒரு மணிக்குத்தான் பீரோவின் கீழ்த்தட்டில், கூறைப்புடவைக்கு அடியில், மஞ்சள் பைக்குள் அந்தக் கேமரா கிடைத்தது.

உயிர் வராத கேமரா

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. பேட்டரி உப்பிப் போயிருந்தது. சார்ஜர் இல்லை. வயர்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்ததில் ஏழெட்டு வயர் விழுந்தது. ஒன்று பொருந்தியது, ஆனால் கணினியில் செருகினாலும் கேமரா கண் திறக்கவில்லை. கேமரா வழியாகப் படத்தை இறக்க வேண்டுமானால் அது விழித்திருக்க வேண்டுமே!

"அப்ப எல்லாம் போச்சா?" என்றார் அப்பா.

"படம் கேமராவுல இல்லப்பா, கார்டுல இருக்கு" என்று அடிப்பக்க மூடியைத் திறந்து, தபால்தலை அளவு எஸ்டி கார்டை நகத்தால் அழுத்தி எடுத்தாள் மகள். 8 ஜிபி கார்டு. அவளது ஆபீஸ் லேப்டாப்பில் கார்டு செருக இடம் இல்லை. பாதுகாப்புக்காக வெளிச் சேமிப்புக் கருவி எதையும் அது ஏற்காதபடி கம்பெனி பூட்டி வைத்திருந்தது வேறு.

எதிர் வீட்டுக் கல்லூரிப் பையன், "எங்க அண்ணனோட பழைய கார்டு ரீடர் இருக்குக்கா" என்று கூப்பிட்டான். செருகினான். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது.

"ஓகே குடுத்தா ஓப்பன் ஆயிடும்க்கா" என்று பையன் மவுஸை நகர்த்தினான்.

"தம்பி, வேண்டாம். நிறுத்து!"

கத்திய பிறகுதான் தன் குரல் அவ்வளவு உயர்ந்தது மகளுக்கே தெரிந்தது. பையன் பயந்து கையை எடுத்துவிட்டான். ஃபார்மேட் என்றால் கார்டைத் துடைத்து முதலில் இருந்து தொடங்குவது. ஓகே கொடுத்திருந்தால் கார்டு திறந்திருக்கும். உள்ளே படங்களின் பட்டியலே இருந்திருக்காது.

கார்டை எடுத்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். மணி இரண்டே முக்கால்.

பக்கத்துத் தெரு ஸ்டுடியோ

பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் வருவதற்கு மூன்றே முக்கால் ஆகிவிட்டது. "வாம்மா, எப்ப வந்தே?" என்றவரிடம் நடந்ததைச் சொன்னதும் முதலில் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஃபார்மேட் குடுக்காம வந்தியே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கார்டு நல்லாத்தான் இருக்கும். ரீடர்தான் ரொம்பப் பழசா இருந்திருக்கும்."

காரணமும் சொன்னார். எஸ்டி கார்டு 1999ல் அறிமுகமானது. ஆரம்பத்தில் வந்தவை 2 ஜிபி வரைதான். 2006ல் எஸ்டிஎச்சி என்று அடுத்த வகை வந்தது. 4 ஜிபி முதல் 32 ஜிபி வரை. பார்க்க இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனால் முதல் வகைக்காகச் செய்த ரீடருக்கு இரண்டாவது வகையைப் படிக்கத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டு வைக்கும்.

பேசிக்கொண்டே கார்டின் இடது ஓரத்தில் இருந்த குட்டிப் பொத்தானை நகத்தால் கீழே தள்ளினார். "இது பூட்டு. இப்படித் தள்ளிட்டா படிக்கலாம், காப்பி எடுக்கலாம். தெரியாம அழிக்க முடியாது. வெளி ஆள் கார்டு எது வந்தாலும் முதல்ல இதைத்தான் பண்ணுவேன்." பின்பக்கத்துத் தங்க நிறப் பட்டைகளை உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, தன்னுடைய ரீடரில் செருகினார்.

டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர் திறந்தது. எந்த கேமராவாக இருந்தாலும் படங்களைப் போடுவது இந்தப் பெயரில்தான். உள்ளே 1,312 படங்கள். எல்லாம் சேர்த்து 5 ஜிபி.

அப்பா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பொறுக்கி எடுத்த அரை மணி நேரம்

பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு குடும்பம் வந்துவிட்டதால் ஸ்டுடியோக்காரர் உள்ளே போனார். மகள் உட்கார்ந்து படங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். நேரம் இல்லை. நல்லதாக ஒரு ஐம்பது அறுபது எடுத்துக்கொண்டால் போதும் என்பது அவள் கணக்கு. நல்ல படமா, குறித்துக்கொள். மங்கலா, அடுத்தது. ஆடிப்போயிருக்கிறதா, அடுத்தது.

அவள் நினைத்த வேகத்தில் அது போகவில்லை. ஒவ்வொரு படமும் கார்டில் இருந்து திறக்க ஒரு நொடி, இரண்டு நொடி எடுத்தது. அதைவிட, ஒவ்வொரு படத்திலும் அப்பா நின்றார்.

"இந்தத் திண்ணை இடிக்கிறதுக்கு முந்தி எடுத்தது."

"இவரு இப்ப இல்லை."

"இது எந்த வருஷம்? தேதி பாரு."

தேதி எல்லாப் படத்திலும் தப்பு. கேமராவின் கடிகாரத்தை அம்மா சரி செய்ததே இல்லை.

நாலே முக்கால் ஆனபோது 200 படங்களைத் தாண்டியிருந்தாள். குறித்தது 38. அதில் அம்மா இருந்தது ஒன்றுகூட இல்லை. நடுநடுவே சாய்ந்தும் ஆடியும் இருந்த படங்களைத் திறக்காமலே தள்ளிக்கொண்டு போனாள்.

வெளியே வந்த ஸ்டுடியோக்காரர் திரையைப் பார்த்தார். "என்னம்மா, பொறுக்கிக்கிட்டா இருக்கே? ரயிலுக்குப் போக வேணாமா?"

"நல்லதா இருக்கறதை மட்டும் எடுத்துக்கலாம்னு அண்ணே."

"மொத்தமா எடுத்துக்கம்மா. மங்கலா இருந்தாலும் எடுத்துக்க. பொறுக்கறதை ஊர்ல போய்ப் பொறுமையாப் பாத்துக்க. எடுக்கறது ஒரு வேலை, பாக்கறது ஒரு வேலை. ரெண்டையும் சேத்துச் செஞ்சா ரெண்டும் கெட்டுப்போகும்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "நானே ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கேன். ஒரு கல்யாணம். பந்தியில ஒரு தாத்தா குனிஞ்சு சாப்பிட்டுட்டு இருந்தாரு. முகம் சரியா விழலைன்னு மண்டபத்துலயே அந்தப் படத்தை அழிச்சேன். மூணு மாசத்துல அவரு போயிட்டாரு. எங்க தாத்தா படம் ஒண்ணு குடுங்கன்னு அந்தப் பொண்ணு வந்து நின்னுது. என்ன பதில் சொல்ல?"

மகள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

மதகு எவ்வளவோ, தண்ணி அவ்வளவு

அவர் செய்தது மிகச் சின்ன வேலை. முழு ஃபோல்டரையும் காப்பி கொடுத்து, தன் கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் ஒட்டினார். கட் கொடுக்கவில்லை. "கட் குடுத்தா பாதியில கரன்ட் போனா எது இங்க இருக்கு, எது அங்க இருக்குன்னு தலை சுத்தும். காப்பிதான் எப்பவும்."

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நொடிக்கு 15 மெகாபைட். ஆறு நிமிடம் ஆகும் என்று காட்டியது.

"கேமராவுல வயர் போட்டிருந்தா?" என்றார் அப்பா.

"இந்த மாதிரிப் பழைய கேமராவுல 20 நிமிஷத்துக்கு மேல இழுக்கும் சார். படம் ஒவ்வொண்ணும் கேமராவோட மூளையைத் தாண்டி வரணும். அதுக்குப் படம் எடுக்கத்தான் தெரியும், ஓடத் தெரியாது. பேட்டரியும் தாங்கணும். கார்டை உருவி ரீடர்ல போட்டா கேமராவே தேவையில்லை."

"இதைவிட வேகமா வராதா?"

"நம்ம ரீடர் யுஎஸ்பி 3.0 சார், நொடிக்கு 5 கிகாபிட் வரைக்கும் போற வழி. பழைய 2.0 வெறும் 480 மெகாபிட்தான். ஆனா கார்டு பழசாச்சே. அது குடுக்கற வேகம்தான் வரும்."

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. "காவேரியில எவ்வளவு தண்ணி வந்தா என்ன, மதகு எவ்வளவோ அவ்வளவுதானே வாய்க்காலுக்கு!"

"அதேதான் சார். எங்க கல்யாணக் கார்டுல பின்பக்கம் பட்டை ரெண்டு வரிசை இருக்கும். கணக்குப்படி நொடிக்கு 312 மெகாபைட் வரைக்கும் போகும். அதையும் ஒரு வரிசை ரீடர்ல போட்டா பழைய வேகம்தான். கார்டு, ரீடர், செருகுற இடம், இந்த மூணுல எது மெதுவோ அதுதான் கணக்கு."

உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் உருவாக்கினார். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய அது 23 நொடி எடுத்துக்கொண்டது. அந்த 23 நொடியில், பழைய கார்டு என்று சொல்லப்பட்ட இந்தக் கார்டில் இருந்து எண்பதுக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள் இறங்கியிருந்தன.

கோடு முடிந்ததும் ஸ்டுடியோக்காரர் எழுந்துவிடவில்லை. கார்டில் எத்தனை என்று பார்த்தார், 1,312. கணினியில் எத்தனை என்று பார்த்தார், 1,312. முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று திறந்து பார்த்தார். அதன் பிறகு கணினியில் இருந்து இரண்டு பென் டிரைவுக்கு ஏற்றினார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று மகளுக்கு, செல்போனிலும் செருகும்படி டைப்-சி முனை உள்ளது. எழுதும் வேகம் பென் டிரைவில் குறைவு என்பதால் அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒவ்வொன்றையும் கணினி 'எடுக்கலாம்' என்று சொன்ன பிறகே கழற்றினார்.

"சார், ஒரு பென் டிரைவ் உங்க வீட்டுல, ஒண்ணு பெங்களூர்ல. ஒரே பீரோவுல ரெண்டையும் வைக்காதீங்க. கார்டை இப்படியே பூட்டோட வைங்க, அழிக்காதீங்க. ஆனா கார்டையே நம்பி இருக்காதீங்க. வருஷக்கணக்கா சும்மா கிடந்தா அதுல இருக்கறது மெல்ல மெல்லக் கரையலாம். இது பிழைச்சது உங்க அதிர்ஷ்டம்."

"வாட்ஸ்அப்ல எங்க பொண்ணுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாள் மகள்.

"அனுப்பு. ஆனா சுவத்துல மாட்டற படத்தை மட்டும் டாக்குமென்ட்டா அனுப்பு. சும்மா போட்டோவா அனுப்பினா சுருக்கிடும். போன்ல பளிச்சுனு தெரியும், பெருசாக்கினா பல்லைக் காட்டும்."

"ஒருவேளை அந்தத் தம்பி ஓகே குடுத்திருந்தா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அப்பா.

"அப்பவும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம் சார். அந்தக் கார்டுல அதுக்கப்புறம் ஒரு படம்கூட எடுக்காம அப்படியே கொண்டுவந்தா, போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் இருக்கு. பெரும்பாலும் மீட்டுடலாம். மேல புதுசா ஏதாவது பதிஞ்சுட்டாத்தான் கஷ்டம்."

மணி ஐந்தே முக்கால். பென் டிரைவுகளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். "அம்மா எனக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதிரசம் குடுத்தவங்கம்மா" என்றார்.

ரயிலில்

தஞ்சாவூர் தாண்டிய பிறகுதான் மகள் பென் டிரைவைக் கைபேசியில் செருகினாள். இப்போது அவசரம் இல்லை. முதல் படத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேத்தி குப்புற விழுந்தது. கோலம். கன்றுக்குட்டி. திருச்சியில் ரயில் நின்று கிளம்பியது. எதிர் சீட்டில் விளக்கை அணைத்தார்கள்.

நூற்று எழுபத்தி நான்காவது படம் சாய்ந்திருந்தது. ஒரு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மறைத்துக்கொண்டு மங்கலாக இருந்தது. ஸ்டுடியோவில் திறக்காமலே தள்ளிவிட்ட படங்களில் ஒன்று. விரலால் பெரிதாக்கினாள்.

கொல்லைப்புறம். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மடியில் முறம். தலையில் பாதி நரை. யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்; வாயைத் திறந்து, கண் இடுங்க, உடம்பே குலுங்குகிற மாதிரி சிரிக்கிறாள். மூலையில் இருந்த ஆரஞ்சு நிறம் ஒரு விரல். லென்ஸ் மேல் பட்டிருந்த ஒரு குழந்தையின் விரல்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில் அம்மாவின் பாதிதான் இருக்கிறது. மொத்தம் பதினோரு படங்கள். பாட்டி கீரை ஆயும்போது, தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று கேமரா பேத்தியின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாலு வயது இருக்கும் அப்போது.

அந்தக் கேமராவில் அம்மா இருந்தது அந்தப் பதினோரு படங்களில்தான். கண்ணாடிக்குள் நிற்கும் உருவமாக இன்னும் இரண்டில். 1,312ல் பதின்மூன்று.

படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள். எடுத்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாத்தீங்களாப்பா?"

"ம்."

"ஸ்டுடியோக்கார அண்ணன்கிட்டக் குடுத்து நேராக்கிடச் சொல்றேன். அந்த விரலையும் எடுத்துடலாம்."

"நேராக்கச் சொல்லு" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "விரல் இருக்கட்டும்மா. எடுத்தது யாருன்னு தெரியணும்ல."

வருஷ திதி அன்று கூடத்து ஆணியில் படம் ஏறியது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அம்மாவின் சிரிப்பைப் பார்க்கிறார்கள். பிறகு மூலையில் அது என்ன என்று கேட்கிறார்கள். பதினைந்து வயதுப் பேத்தி வெட்கத்தோடு கையைத் தூக்கிக் காட்டுகிறாள்.